மாவில் வெந்த பால்

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. காலை நாலரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன், தொட்டி நிரம்ப இருபத்திரண்டு நிமிடம் ஆனது. குளித்து முடித்து, ஐந்து மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டைக்குப் போனேன். விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் சுடுகிற சிறிய கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. மின்சாரப் பெட்டிக்குள் வைக்கிற ஃபியூஸ் கட்டைகள் செய்கிறோம். சூளையின் வெப்பத்தைப் பார்த்து அரை மணிக்கு ஒருமுறை நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. இருபத்து மூன்று வருடமாக அதையே செய்கிறேன். முந்தின நாள் எரித்து முடித்த சூளை ஆறிக்கொண்டிருந்தது. 212 டிகிரி. நூறுக்குக் கீழே வரும்வரை கதவில் கை வைக்க வேண்டாம் என்று நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டுவிட்டு, ஐந்தே முக்காலுக்கு வீடு திரும்பினேன். அன்று எனக்கு லீவு.

லீவுக்குக் காரணம் என் மகள். அவளுக்கு அன்று இரண்டு வயது ஏழு மாதம். பசும்பால் அவள் உடம்புக்கு ஆகாது. ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் உடம்பெல்லாம் தடித்து, கண் வீங்கி, வாந்தி எடுப்பாள். அன்று புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில், டாக்டரின் கண் முன்னால், அவளுக்குப் பால் கொடுத்துப் பார்க்கப் போகிறோம். இனி பால் ஆகுமா ஆகாதா என்பது அன்று தெரிந்துவிடும்.

வீட்டு வாசலில் என் அக்காவின் வண்டி நின்றிருந்தது. அக்காவுக்குக் கம்மாபுரம். மூன்று மாடு வைத்திருக்கிறாள். விடிவதற்குள் கறந்து, காய்ச்சி, ஒரு தூக்குப்பாத்திரத்தில் எடுத்து வந்திருந்தாள்.

"எதுக்குக்கா இது? ஆஸ்பத்திரியிலேயே பால் வெச்சிருப்பாங்க."

"பாக்கெட்டுப் பாலா? அத நானே குடிக்க மாட்டேன். இது செவல மாட்டுப் பாலு. நீ சும்மா எடுத்துகினு போடா."

என் மனைவி உள்ளிருந்து, "அண்ணி, அவங்க குடுக்கிறதத்தான் குடுக்கணும், அளவு இருக்குது" என்றாள்.

"அளவு இதுல மட்டும் இல்லியா? படி வெச்சு அளந்துக்கச் சொல்லு."

வாங்கிக்கொண்டேன். அக்கா பால் கொண்டு வந்ததற்குப் பின்னால் இரண்டு வருடக் கதை இருக்கிறது. அது எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம் கழித்துப் பிறந்தவள் இவள். 2022 ஜனவரி. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். ஜூலையில் கோயிலில் வைத்து முதல் சோறு ஊட்டினோம். பால் பாயசம். அக்காவின் மாட்டுப் பாலில் அக்காவே காய்ச்சிக் கொண்டு வந்தது. அத்தை முறையில் முதல் வாயை அவளே ஊட்டினாள். என் மனைவி இரண்டாவது வாய். நான் மூன்றாவது வாய்க்குக் கையை நீட்டும்போது குழந்தையின் உதட்டைச் சுற்றிச் சிவப்பாக இருந்தது. எறும்பு ஏதாவது கடித்திருக்கும் என்றார்கள். பத்து நிமிடத்தில் கழுத்து, நெஞ்சு, முதுகு என்று தடிப்பு ஏறியது. ஆறு மாதக் குழந்தையின் உடம்பு முழுக்க ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தடிப்புகள். அக்கா "காணாக்கடி, வேப்பில போட்டா போயிடும்" என்றாள். அதற்குள் பாயசம் முழுக்க வெளியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பால்தான் காரணம் என்று எங்கள் ஊர்க் குழந்தை டாக்டர் சொன்னதை அக்கா ஏற்கவில்லை. "பசும்பாலு ஒத்துக்காத புள்ள எங்கனா உண்டா? எங்கூட்டுல ஒம்போது புள்ளைங்க இந்தப் பால குடிச்சுத்தான் வளந்துதுங்க" என்றாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் குழந்தையைத் தூக்குவாள். ஆனால் ஒன்றும் ஊட்ட மாட்டாள். வாழைப்பழம்கூட என் மனைவியிடம் கொடுத்து, "நீயே குடு" என்பாள். அவள் பாலைப் பற்றி எவ்வளவு சத்தம் போட்டாலும், அந்த முதல் வாய் அவள் மனதில் கிடந்தது.

எங்கள் ஊர் டாக்டர்தான் புதுச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒவ்வாமைக்கென்று இருந்த டாக்டரம்மா முதல் நாள் குழந்தையின் முன்கையில் சொட்டு சொட்டாக ஏதோ வைத்து, ஊசி நுனியால் லேசாகக் கீறினார். பதினைந்து நிமிடத்தில் பாலுக்கான சொட்டு வைத்த இடம் மட்டும் கொசு கடித்த மாதிரி எழும்பியது. அவர் அளவுகோல் வைத்து அளந்தார். நானும் என் டைரியில் அளவை எழுதிக்கொண்டேன்.

"உடம்பு பாலைப் பார்த்து எதிரின்னு நினைக்குது, சார். வேற ஒண்ணுமில்ல," என்றார். "இப்படி இருக்கிற பெரும்பாலான குழந்தைங்களுக்கு வளர வளர அந்த எண்ணம் போயிடும். சிலருக்குச் சீக்கிரம், சிலருக்கு ஸ்கூலு போற வயசு ஆகும். நாம அவசரப்படுத்தக் கூடாது. சும்மாவும் இருக்கக் கூடாது."

"எவ்வளவு நாள் ஆகும்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். எனக்கு எதற்கும் ஒரு நாள், ஒரு நேரம் தெரிந்தாக வேண்டும்.

"முடியாது" என்று சிரித்தார்.

இன்னொன்றும் சொன்னார். தாய் பசும்பால் குடித்தாலும் தாய்ப்பாலால் இந்தக் குழந்தைக்குத் தொந்தரவு வரவில்லை, அதனால் தாய் எதையும் நிறுத்த வேண்டியதில்லை என்று. என் மனைவி அந்த ஒரு மாதமும் டீயைப் பால் இல்லாமல் குடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி கேன்டீனில் இரண்டு டீ குடித்தாள். "ஒரு மாசக் கஷாயம்ங்க" என்றாள். குழந்தை விஷயத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது பாயசத்துக்குப் பிறகு அன்றுதான்.

அடுத்த ஒன்பது மாதம் வீட்டில் யார் எதைச் சமைத்தாலும் அட்டையைப் படித்தோம். ரொட்டி, பிஸ்கட், மிக்சர் பாக்கெட், எல்லாவற்றிலும் பொடி எழுத்தில் பால் பவுடர் ஒளிந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனால் என் மனைவி குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவே மாட்டாள்.

2023 மே மாதம், பதினாறு மாதத்தில், முதல் பரீட்சை. ஆனால் அது பாலுக்கு அல்ல, பால் சேர்த்துச் சுட்ட கேக்குக்கு. மாவில் பாலைக் கலந்து ஓவனில் அரை மணி நேரம் வேக வைத்தால், பச்சைப் பால் ஆகாத குழந்தைகளில் நிறையப் பேருக்கு அது ஆகும். அதைத் தினமும் கொஞ்சம் சாப்பிட்டு வந்தால் உடம்புக்குப் பாலோடு மெல்லப் பழக்கம் ஏற்படும் என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரியிலேயே கேக்கைத் துண்டு துண்டாகக் கொடுத்தார்கள். முதல் துண்டு கடுகளவு. கடைசித் துண்டு அரை கேக். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. குழந்தை இன்னொன்று கேட்டது.

இனிமேல் வீட்டில் தினம் ஒரு கேக் செய்து தர வேண்டும். செய்முறையைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள்: மைதா, சர்க்கரை, எண்ணெய், மசித்த வாழைப்பழம், நூற்றிருபது மில்லி பால், ஆறு சிறு கிண்ணம், 180 டிகிரி, முப்பது நிமிடம். ஆக, ஒரு கேக்கில் இருபது மில்லி பால்.

சின்ன ஓவன் ஒன்று வாங்கினோம். இதில்தான் என் வேலை உள்ளே நுழைந்தது. கம்பெனியில் சூளைக்குள் விட்டு வெப்பம் பார்க்கும் கம்பி ஒன்று உபரியாக இருந்தது. முதலாளியிடம் கேட்டு, அதையும் அதன் எண் காட்டும் பெட்டியையும் வீட்டுக்கு எடுத்து வந்து ஓவனுக்குள் விட்டுப் பார்த்தேன். குமிழ் 180-இல் நிற்கிறது, உள்ளே 152. டாக்டர் சொன்ன வெப்பம் வர வேண்டுமானால் குமிழை 215-க்குத் திருப்ப வேண்டியிருந்தது. அந்த இடத்தில் நீல மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தேன். என் மனைவி, "டாக்டருக்குக்கூட இது தோணியிருக்காது" என்றாள். அந்த வார்த்தை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

அன்றிலிருந்து இரண்டு நாளைக்கு ஒருமுறை கேக் சுட்டோம். மாவைக் கலப்பது அவள், ஓவனைப் பார்ப்பது நான். டைரியில் தேதி, நேரம், உள்வெப்பம், எத்தனை மணிக்குக் கொடுத்தோம், தோல் எப்படி இருந்தது என்று ஐந்து கட்டம் போட்டு எழுதினேன். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். ஐந்து மாதமும் கடைசிக் கட்டத்தில் "ஒன்றுமில்லை."

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேடிக்கைக்காகத்தான், வெப்பக் கம்பியின் நுனியை ஓவனில் அல்லாமல் கேக்கின் நடுவில் செருகிப் பார்த்தேன். முப்பது நிமிடம் கழித்து எடுக்கும்போதும் கேக்கின் உள்ளே 98 டிகிரிதான். ஓவன் 180 என்றாலும் மாவில் தண்ணீர் இருக்கிறவரை உள்ளே நூறைத் தாண்டாது. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஈரம் போகாத களிமண்ணும் அப்படித்தான். டைரியில் எழுதினேன்: "கேக்கின் உள்ளே 98. பால் கொதிப்பது ஏறக்குறைய 100. அப்படியானால் ஒரு மணி நேரம் கொதித்த பால்?"

அந்தக் கேள்விக்குறி மூன்று வாரம் என் மண்டையில் கிடந்தது. கேக்கில் இருபது மில்லி பால் அரை மணி நேரம் 98 டிகிரியில் வெந்து, இவளுக்கு ஆகிறது. அதே பாலை அதைவிட அதிக சூட்டில், இரண்டு மடங்கு நேரம், அடுப்பிலேயே காய்ச்சினால் இன்னும் நன்றாக அல்லவா ஆக வேண்டும்? அளவையும் நாலில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால் பயமே இல்லை. கணக்கில் எங்கே தப்பு என்று நானே தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. டாக்டரம்மாவிடம் ஃபோனில் கேட்டிருக்கலாம். கேட்காததற்குக் காரணம், விடை எனக்குத் தெரியும் என்று நினைத்ததுதான்.

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. என் மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். 9.05-க்கு இருநூறு மில்லி பாலை அடுப்பில் வைத்து, கிளறிக்கொண்டே இருந்து, 10.05-க்கு இறக்கினேன். எழுபது மில்லியாக வற்றி, லேசான சந்தன நிறத்தில் இருந்தது. ஆற வைத்தேன். 10.20-க்கு ஐந்து மில்லி, மருந்து கொடுக்கும் சிறு குப்பியில் அளந்து, மகளின் வாயில் விட்டேன். சப்புக் கொட்டினாள்.

10.27: காதைத் தேய்த்தாள். 10.31: கழுத்தில் தடிப்பு. 10.34: வாந்தி. இடது கண் இமை மூடிக்கொண்டது. டாக்டரம்மா வீட்டில் வைத்திருக்கச் சொன்ன மருந்தை ஊற்றினேன். அதுவும் வெளியே வந்தது. அதற்கப்புறம் நேரம் பார்க்கவில்லை.

அரிசிப் பையோடு மனைவி உள்ளே வந்தாள். பார்த்தாள். பையை அங்கேயே போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். ஆட்டோவில் என்னிடம் இரண்டே கேள்வி கேட்டாள்.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"அஞ்சு மில்லி."

"எத்தன மணிக்கு?"

"பத்து இருவது."

ஆஸ்பத்திரியில் அதை அப்படியே டாக்டரிடம் சொன்னாள். அவர் குழந்தையின் தொடையில் ஊசி போட்டார். ஆட்டோவிலேயே இழுக்கத் தொடங்கியிருந்த மூச்சு கால் மணி நேரத்தில் சீரானது. ஒரு மணி நேரத்தில் கண் திறந்தது. சாயந்திரம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து, குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு, தரையில் சிந்திக் கிடந்த அரிசியை அவள் கூட்டி அள்ளினாள். நான் முறத்தைப் பிடிக்கப் போனேன். தரவில்லை.

"கம்பெனியில சரக்கு வெடிச்சுதுன்னா ஒதுக்கிப் போட்டுட்டு அடுத்தத ஏத்துவீங்க," என்றாள். "இங்க அடுத்தது எங்கீங்க இருக்குது?"

சுவரோரம் கிடந்த அரிசியை விரலால் பொறுக்க ஆரம்பித்தேன்.

"நோட்டுல எழுதுனீங்களா?"

"இன்னும் இல்ல."

"எழுதுங்க. அஞ்சு கட்டமும் எழுதுங்க."

எழுதினேன். கடைசிக் கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதினேன்.

அடுத்த வாரம் புதுச்சேரிக்குப் போனோம். டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் டைரியை வாங்கி, 98 என்று எழுதிய பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"சூட்டுக் கணக்கு சரிதான், சார். சேர்மானத்த விட்டுட்டீங்க" என்றார். பாலில் பலவிதமான புரதம் இருக்கிறது. சிலது கொதித்தால் உருக்குலையும். ஆனால் முக்கியமான ஒன்று எவ்வளவு காய்ச்சினாலும் அப்படியே நிற்கும். மாவோடு கலந்து வேகும்போது அது மாவில் சிக்கிக்கொள்கிறது. அதனால்தான் உடம்பு அதை எளிதில் கண்டுபிடிப்பதில்லை. வெறும் பாலைக் காய்ச்சினால் சிக்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை. இன்னும் கேட்டால், வற்றக் காய்ச்சியதால் என் ஐந்து மில்லியில் ஏறக்குறைய பதினைந்து மில்லிப் பாலின் சத்து இருந்தது. இதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு முகம் சூடானது. களிமண்ணை மட்டும் சூளையில் வைத்தால் பீங்கான் ஆகாது என்று வேலைக்கு வருகிற எவருக்கும் முதல் வாரமே சொல்பவன் நான். கூடச் சேர்க்கிற கல்பொடிகள்தான் அதைப் பீங்கான் ஆக்குகின்றன. அதே 1250 டிகிரி, சேர்மானம் மாறினால் வேறு பொருள். இத்தனை வருடம் நோட்டில் வெப்பத்தை மட்டுமே எழுதிவந்ததில், மற்றதை மறந்துவிட்டிருக்கிறேன்.

"இதனால எல்லாம் பாழாயிடுச்சா?" என்று என் மனைவி கேட்டாள்.

"இல்ல. கேக் ஒத்துக்குது இல்ல? அதத் தொடருங்க. ஒரு நாள் விடாதீங்க. அடுத்த படிக்கு மட்டும் கொஞ்சம் தள்ளிப் போவோம்."

அந்தத் தள்ளல் ஆறு மாதம். அதில் கேக்கை முழுக்க அவளே சுட்டாள். குமிழில் நீலப் புள்ளி இருந்ததால் நான் தேவைப்படவில்லை. நான் கட்டங்களை மட்டும் நிரப்பினேன். 2024 பிப்ரவரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது பால் ஒவ்வாமையைக் காட்டும் எண், முதல் வருடம் இதேபோல் எடுத்துப் பார்த்ததைவிடப் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஏப்ரலில், ஆஸ்பத்திரியில் வைத்தே, அடுத்த படி: பாலில் கரைத்த மாவில் வார்த்த மெல்லிய தோசை. கேக்கைவிடக் குறைவாக வேகிறது. ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து, மூன்று மாதம் தினமும் ஒரு தோசை. முதல் மூன்று நாள் தோசை சாப்பிட்டபின் இரண்டு மணி நேரம் நாங்கள் இருவரும் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தோம். நாலாவது நாள் அவளே, "அப்பா, போ" என்றாள்.

ஜூலைக் கடைசியில் வைத்திருந்த பால் பரீட்சை, அவளுக்குச் சளி பிடித்ததால் தள்ளிப்போய், ஆகஸ்ட் பன்னிரண்டுக்கு வந்து நின்றது.

அன்று ஆறே காலுக்குப் பஸ். நெய்வேலி தாண்டும்வரை மகள் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு வந்தாள். அதன்பின் தூங்கிவிட்டாள். அக்காவின் தூக்குப்பாத்திரம் என் மடியில். ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி. எடை பார்த்தார்கள், நெஞ்சில் வைத்துக் கேட்டார்கள், கையில் ஊசிக்குழாய் ஒன்றைக் குத்தி ஒட்டினார்கள். ஏதாவது ஆனால் உடனே மருந்து ஏற்ற அது. அவள் அழுதது அதற்கு மட்டும்தான்.

தூக்குப்பாத்திரத்தைப் பார்த்த நர்ஸம்மா, "இது என்னா?" என்றார்.

"எங்க அக்கா குடுத்தாங்க. கறந்த பால்."

"அத இங்க குடுக்க முடியாதுங்களே. எங்ககிட்ட பாக்கெட்டு இருக்குது, அதத்தான் குடுப்போம்."

"தெரியும்ங்க. வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படும். அதான் எடுத்துகினு வந்தோம்."

அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். "டீ போட்டுக்கலாமா?"

"போட்டுக்குங்க" என்றாள் என் மனைவி, நான் வாய் திறப்பதற்குள்.

10.10-க்குக் கீழ் உதட்டின் உட்புறம் ஒரு சொட்டு. இருபது நிமிடம். ஒரு மில்லி. இருபது நிமிடம். மூன்று மில்லி. அப்போதுதான் அவள் முதல்முறையாக அதைச் சுவைத்துப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். முகத்தைச் சுளித்தாள்.

"நல்லால்ல."

இரண்டு வருடமாக இதற்காகக் காத்திருந்தோம். அவளுக்குப் பிடிக்குமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

"கேக்குல இருக்கிற பால்தான் கண்ணு" என்றாள் என் மனைவி.

"கேக்குதான் வேணும்."

பத்து மில்லியை வாழைப்பழத்தில் மசித்துக் கொடுக்க டாக்டரம்மா சம்மதித்தார். அது போனது. பிறகு இருபது. அதுவும் போனது. நான் நேரத்தையும் அளவையும் எழுதிக்கொண்டே இருந்தேன். என் மனைவி எழுதவில்லை. அவள் குழந்தையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா மூன்று முறை ஃபோன் செய்தாள். இரண்டாவது முறை, "எம் பாலு குடுத்தீங்களா?" என்றாள். பொய் சொல்லப் பார்த்தேன், வரவில்லை.

"நர்ஸம்மா டீ போட்டுட்டாங்கக்கா."

"அவங்களாவது ருசி தெரிஞ்சவங்க," என்றாள். பிறகு, குரல் இறங்கி, "புள்ளைக்கு வாயச் சுத்தி ஒண்ணும் வரலியே?" என்றாள்.

"வரலக்கா."

"வந்தா சொல்லு. மறைக்காத."

11.50-க்கு முப்பது மில்லி. வாழைப்பழம் தீர்ந்துவிட்டதால் டம்ளரில். பாதியை மோவாயில் வழியவிட்டு, மீதியைக் குடித்தாள். நர்ஸம்மா இன்னும் பதினைந்து மில்லி ஊற்றி ஈடு கட்டினார். 12.02-க்கு மோவாயின் இடது பக்கம் சிவந்தது. சொரிந்தாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனேன். அந்தப் பதினாறு அடி தூரத்தை எப்படிக் கடந்தேன் என்று எழுத எனக்கு வார்த்தை இல்லை.

அவர் வந்து, அவசரமே இல்லாமல், ஈரத் துணியால் மோவாயைத் துடைத்தார். சட்டையைக் கழற்றி முதுகு, வயிறு, தொடை பார்த்தார். நெஞ்சில் வைத்துக் கேட்டார். "வழிஞ்ச இடத்துல மட்டும் இருக்குது. தோல்ல பட்டது. உள்ள போனது ஒண்ணும் பண்ணல. பார்ப்போம்."

பார்த்தோம். 12.20-க்குச் சிவப்பு வெளிறியது. 12.41-க்கு இல்லை.

"அடுத்த அளவு எப்ப, டாக்டர்?" என்றேன். திட்டப்படி இன்னும் ஒரு பெரிய அளவு பாக்கி இருந்தது: எழுபது மில்லி.

"இன்னைக்கு இதோட போதும். அறுபது மில்லிக்கு மேல உள்ள போயிருக்குது. சின்னதா ஒண்ணு வந்து போச்சு. அத மதிச்சு நடப்போம். வீட்டுல தினமும் முப்பது மில்லி குடுங்க. காய்ச்சல், பேதி இருக்கிற நாள் வேணாம். சாப்பிட்ட உடனே ஓடியாட விடாதீங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க, மீதியப் பாத்துக்கலாம்."

"அப்ப பாஸா, ஃபெயிலா?" என்று என் மனைவி கேட்டாள்.

"முப்பது மில்லிக்குப் பாஸு. பெரிய டம்ளருக்கு இன்னும் பரீட்சை எழுதல." பிறகு அவளிடம் மட்டும் சொல்வதுபோல், "தினமும் உள்ள போகணும்மா. பழக்கம் விட்டுப்போகக் கூடாது. உடம்பு இப்பத்தான் சம்மதிக்குது" என்றார்.

இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். மகள் தூங்கினாள். மூன்று மணிக்குக் கையிலிருந்த குழாயை எடுத்தார்கள். நாலு மணி பஸ்ஸில் திரும்பினோம். பண்ருட்டியில் என் மனைவி மகளை என் மடிக்கு மாற்றினாள். பிறகு, "அவளுக்குப் பிடிக்கலியேங்க," என்றாள். "தினமும் எப்படிக் குடுக்கிறது?"

"வாழப்பழத்துல."

"வருஷம் பூரா வாழப்பழமா?"

"கேழ்வரகுக் கூழுல ஊத்தலாம். சூடு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவள் கண்டுகொண்டாள்.

"சொல்லுங்க, சொல்லுங்க. கூழு எத்தன டிகிரி?"

பின்சீட்டில் இருந்தவர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, கூழோ பழமோ எதில் கலந்தாலும் அளவு முப்பதுதான், அதை டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் என்று சொன்னேன். பஸ்ஸிலிருந்தே ஆஸ்பத்திரி நம்பருக்குப் பேசினேன். ஆறிய கூழில் கலக்கலாம், முழுக்கச் சாப்பிட வேண்டும் என்றார் நர்ஸம்மா. டீ நன்றாக இருந்தது என்றும் சொன்னார்.

ஏழு மணிக்கு வீடு. இரவுச் சாப்பாட்டுக்கு முன் டைரியை எடுத்து அன்றைய அளவுகளை வரிசையாக எழுதினேன். கடைசிக் கட்டத்தில், "மோவாயில் சிவப்பு, 39 நிமிடம். வேறு ஒன்றுமில்லை" என்று எழுதினேன். என் மனைவி தோளுக்கு மேலிருந்து படித்தாள். "நாளைக்குக் காலையில பாக்காம முடிக்காதீங்க. ராத்திரி பூரா இருக்குது இல்ல" என்றாள். அவள் சொன்னது சரி. அந்தக் கட்டத்தை மூடாமல் விட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை. ஐந்து ஐம்பது, வெளிச்சம் வந்திருந்தது. முதல் வேலையாக ஜன்னல் கதவுகள் இரண்டையும் விரியத் திறந்தேன். தூங்குகிறவளின் சட்டையை மனைவி மெல்ல மேலே தூக்கினாள். முதுகு, வயிறு, கழுத்து மடிப்பு, இரண்டு காதின் பின்புறம், முழங்காலின் உட்புறம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஓரிடத்திலும் ஒன்றுமில்லை. சட்டையை இறக்கிவிட்டு, பாலைக் காய்ச்சி ஆற வைத்து, ஆளுக்கொரு முறை அளவைச் சரிபார்த்து, முப்பது மில்லியைக் கூழில் ஊற்றினோம்.